கூடிச் செய்த வேலையின் கணக்கு

தனி மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதில் நமக்குள் வேற்றுமை இல்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதைத் திருமறை பல இடங்களில் வலியுறுத்துகிறது. ஆயினும், நால்வர் கூடி ஒரு வேலையைச் செய்ய, அது சீர்கெட்டுப் போனால் அந்தக் கேடு யாருடையது? சிறப்பாக முடிந்தால் அச்சிறப்பில் யாருக்கு எவ்வளவு? அந்த நால்வரும் ஓரிடத்தில் அமர்ந்து, தமக்குள் நடந்ததைத் தாமே எண்ணிப் பார்ப்பது கடமையா, வீண் வம்பா?

மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது பெரிய கேள்வியாகத் தோன்றாது. ஆனால் நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குழு வேலை பெருகிவிட்ட காலம் இது. ஆய்வேடு, கண்காட்சி, களப்பணி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என எதை எடுத்தாலும் நால்வரோ ஐவரோ பதின்மரோ சேர்ந்தே செய்ய வேண்டியிருக்கிறது. அட்டையில் நால்வர் பெயர் அச்சாகிறது. நால்வருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து மகன் முணுமுணுக்கிறான்: “எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், வாப்பா.” நாமோ, “மற்றவன் செய்யாவிட்டால் உனக்கென்ன? உன் பங்கைச் செய்துவிட்டுப் பேசாமல் இரு” என்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் நாம் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். கல்விக்குப் பெயர்பெற்ற தொன்னகர். பல்லவர் காலத்தில் அங்கே கடிகை என்னும் உயர்கல்விக் கூடம் இருந்தது. பின்னாளில் கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் தன் குருவுடன் அக்கடிகைக்குப் பயில வந்த செய்தியைக் கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. அத்தகைய ஊரின் கல்லூரி ஒன்றில் நான்கு மாணவியர், பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பற்றி ஆய்வேடு எழுதுமாறு பணிக்கப்பட்டனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தியிடம் கணினி இருக்கிறது. ஆகவே எழுதும் பொறுப்பை அவள் எடுத்துக்கொள்கிறாள். மற்றொருத்தி ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள். பேராசிரியர் முன் நின்று விளக்குவது அவள் பங்கு. மூன்றாமவள் வீட்டில் வசதியுண்டு. பயணச் செலவும் அட்டை கட்டும் செலவும் அவளுடையவை. நான்காமவள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு மகள். தறி ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளும் கூச்சத்தால் சொல்லவில்லை.

ஆய்வேடு அழகாக வந்தது. அதன் நடுவில் ஒரு பக்கத்தில் பாவை ஊடையென்றும் ஊடையைப் பாவென்றும் மாற்றி எழுதியிருந்தார்கள். நான்காமவள் அதைப் பார்த்தாள். அப்போது அட்டை கட்டியாகிவிட்டது. பேசாமல் இருந்துவிட்டாள். மதிப்பெண் நால்வருக்கும் சமமாகவே வந்தது.

வெளியிலிருந்து நோக்கும் ஆசிரியருக்கு இது ஒற்றுமையான குழு. சண்டை இல்லை, முறையீடு இல்லை, குறித்த நாளில் வேலை வந்து சேர்ந்தது. நாம் சொல்வதோ வேறு. அந்த நால்வரும் ஒரு நாளும் கூடி வேலை செய்யவில்லை. மூவர் தத்தமக்கு வசதியானதைச் செய்தார்கள். ஒருத்தி அருகில் இருந்தாள்.

அவர்கள் ஆராயச் சென்ற தறியிலேயே கூடி வேலை செய்வதற்கான பாடம் இருந்தது. காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைக்கக் காரணமான சிறப்புகளுள் தலையாயது கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை இழை கரைவரை சென்று, அங்கே கரையின் ஊடை இழையோடு கொக்கி போலப் பின்னிக்கொண்டு திரும்புகிறது. ஒவ்வொரு வரியிலும் இந்தப் பிணைப்பு நிகழ வேண்டும். ஒருவர் கையால் இது எளிதில் ஆகாது. நெசவாளர் அருகில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவை வீசுவதே வழிவழியான முறை. ஒருவர் இழையைச் சற்றே தளரவிட்டாலும் மற்றவர் சற்றே இறுக்கினாலும் கரை சுருங்கும். சரியாக நெய்யப்பட்ட சேலையோ நைந்து கிழிந்தாலும் கரை உடலைவிட்டுப் பிரியாது என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள்.

இத்துடன் நிறுத்தி, “இருவர் ஒன்றுபட்டால் இவ்வளவு அழகு” என்று உவமை சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். நம் மேடைகளில் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் அந்த இரண்டாமவர் யார் என்று கேட்க வேண்டாமா? நெடுங்காலம் அந்த இடத்தில் அமர்ந்திருந்தவர்களுள் பலர் சிறுவர் சிறுமியர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் அமர்த்தப்பட்ட பிள்ளைகள் அவர்களுள் இருந்தனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அப்பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்கப் பலர் உழைத்தனர். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அந்தத் தறியில் இசைவு இருந்தது. பெரியவர் கையும் சிறுவன் கையும் ஒரு வரி தவறாமல் ஒன்றையொன்று தொடர்ந்தன. கோர்வையில் பிழை இல்லை. சேலை மணமேடை ஏறியது. ஆனால், “எனக்குக் கை வலிக்கிறது” என்று சொல்ல அந்தச் சிறுவனுக்கு இடமில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. இசைந்து இயங்குவது ஒன்று, கூடி வேலை செய்வது மற்றொன்று. வாய் இல்லாதவனையும் இசையவைக்கலாம். கூட்டு என்ற சொல்லுக்கு அவன் வாயும் வேண்டும்.

குழுவில் சோம்பியிருப்பவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் முணுமுணுக்கும் மகனுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம். வைகாசியில் காஞ்சியின் தெருவில் வரதராசப் பெருமாள் கோயில் தேர் வருவதைக் கண்டவர்கள், வடத்தைப் பிடித்த கைகள் எல்லாம் இழுத்த கைகள் அல்ல என்பதை அறிவர். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவைத்துச் செய்த சோதனைகளை 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்கு விழுந்த பங்கு ஒருவர் தனியே இழுக்கும் வலுவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே நொடியில் எல்லாரும் இழுக்காததால் வந்த இழப்பு அது என்று சிலர் எண்ணினர். 1974ஆம் ஆண்டில் வேறு சில ஆய்வாளர் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தனர். உண்மையில் பின்னால் நின்றோர் இழுக்கவே இல்லை. அப்போதும் அவருடைய இழுப்பு குறைந்தது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். பலர் இருக்கிறார்கள் என்ற எண்ணமே கையைத் தளர்த்தியது. ஆகவே சோம்பியிருக்கும் மாணவனைத் தீயவன் என்று முடிவு கட்டுமுன், அவன் பங்கு எது என்று அவனுக்கே தெரிந்திருந்ததா என்று கேட்பது முறை.

கேட்பது யார்? எப்போது? 1904 அக்டோபரில், நம் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் இதே காஞ்சிபுரத்தில்தான் பதிவாயிற்று. அவ்வாண்டின் சட்டம் சங்கத்தின் பணக்கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்று விதித்தது. காசு கூட்டாக இருக்கும் இடத்தில் கணக்குப் பார்ப்பதை நாம் அவமதிப்பாகக் கருதுவதில்லை. உழைப்பும் அறிவும் கூட்டாக இருக்கும் இடத்தில் மட்டும் கணக்கு என்றவுடன் முகம் சுளிக்கிறோம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கூட்டுக் கல்வி பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர் இருவரும், மாணவர் குழு உண்மையில் குழுவாக இருக்க ஐந்து கூறுகள் வேண்டும் என்றனர். தாங்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறோம் என்பதைக் குழுவே அவ்வப்போது திரும்பிப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. பள்ளிகளில் பெரும்பாலும் கைவிடப்படுவதும் அதுவே என்று நாம் கருதுகிறோம். நேரமில்லை என்பார்கள். வேலையைச் செய்து முடிக்க நேரமிருக்கிறது. செய்த விதத்தைப் பார்க்க இல்லை.

நேரத்தைவிடப் பெரிய தடை, நம் சமுதாயத்துப் பிள்ளைகளிடம் இன்னொன்று உண்டு. அது அச்சம், மரியாதைக்குரிய அச்சமும் கூட. தோழன் குறையைப் பேசுவது புறம் பேசுதல் ஆகிவிடாதா? புறம் பேசுவதை இறந்த உடன்பிறந்தாரின் ஊனைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 12ஆம் வசனம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தயங்குவது இயல்பே. ஆனால் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால், அது பேச்சையே தடுக்கவில்லை என்பது விளங்கும். பரிகாசமும் பழிப்புப் பெயரும் கூடா. ஆதாரமற்ற ஐயம் கூடாது. துருவித் துருவி ஒற்றறிதல் கூடாது. இல்லாதவரைப் பற்றிப் பேசுதல் கூடாது. இவற்றை ஒரு மாணவர் குழு தனக்கு விதியாக எடுத்துக்கொள்ளட்டும். அப்போது, எவரைப் பற்றிய பேச்சோ அவர் அங்கே இருக்க வேண்டும். கண்டதைச் சொல்லலாம், ஊகித்ததைச் சொல்லக்கூடாது. செயலைச் சொல்லலாம், குணத்துக்குப் பெயர் சூட்டக்கூடாது என்றாகும். “வியாழனன்று நீ குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை, அதனால் எங்கள் வேலை நின்றது” என்பது ஒரு செய்தி. “நீ எப்போதும் பொறுப்பற்றவன்” என்பது தீர்ப்பு. தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தை எந்தக் கல்லூரியும் மாணவனுக்குக் கொடுக்கவில்லை.

ஒரு நம்பிக்கையாளர் மற்றொருவருக்குக் கண்ணாடி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமித்ததை அபூதாவூதில் காண்கிறோம். கண்ணாடி முன்னால் நிற்பவருக்குத்தான் காட்டும். அவர் போனபின் அவர் முகத்தை அடுத்து வருபவருக்குக் காட்டுவதில்லை. விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்கு மூவர் கூடி நான்காமவனைப் பற்றிப் பேசுவது கண்ணாடியின் வேலை அன்று.

இனி உஹதுக்கு வருவோம். தோற்ற வேலையைத் திரும்பிப் பார்ப்பதற்கு இதனினும் ஆழமான சான்று நாம் அறிந்தவரை இல்லை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்ப்பது நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ள வாய்க்காத இளைஞர்கள் வெளியே சென்று போரிட வேண்டுமென ஆர்வத்தோடு வற்புறுத்தினர். கலந்தாலோசனையின் முடிவு அவர்கள் பக்கம் சாய்ந்தது. அதை அண்ணலார் ஏற்றார்கள். குன்றின்மேல் ஐம்பது வில்லாளிகள் நிறுத்தப்பட்டு, எது நேர்ந்தாலும் இடத்தைவிட்டு அகலக்கூடாது என்று பணிக்கப்பட்டனர். வெற்றி கண்ணில் தெரிந்தவுடன் அவர்களுள் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். பின்புறத்திலிருந்து எதிரிகள் பாய்ந்தனர். ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட எழுபது பேர் ஷஹீதாயினர். அண்ணலாரே காயமுற்றார்கள்.

இத்தனைக்கும் பிறகு இறங்கிய ‘ஆல இம்ரான்’ வசனங்களைக் கவனியுங்கள். நடந்தது மறைக்கப்படவில்லை. தளர்ந்தீர்கள், தமக்குள் பிணங்கினீர்கள், கட்டளையை மீறினீர்கள் என 152ஆம் வசனம் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. இது எங்கிருந்து வந்தது என்று வியந்தவர்களுக்கு, உங்களிடமிருந்துதான் என்று 165ஆம் வசனம் விடையிறுக்கிறது. ஆனால் குன்றைவிட்டு இறங்கிய ஒருவர் பெயரும் அங்கே இல்லை. செயல் கூறப்பட்டது, பெயர் கூறப்படவில்லை. அவற்றுக்கிடையே 159ஆம் வசனம் வருகிறது. நீர் கடுமையாக இருந்திருந்தால் அவர்கள் உம்மைவிட்டுச் சிதறியிருப்பார்கள். அவர்களை மன்னிப்பீராக, அவர்களுக்காகப் பிழைபொறுக்க வேண்டுவீராக, காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்வீராக என்பது அதன் கருத்து.

எவர்களுடைய ஆலோசனைப்படி வெளியே வந்து இத்தனை இழப்பு நேர்ந்ததோ அவர்களிடமே மறுபடியும் கேட்குமாறு கட்டளை. நம்மில் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், “இனி இவர்களைக் கேட்கவே கூடாது” என்ற பாடத்தையே கற்றிருப்போம். குழு வேலையில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட மாணவன் அந்தப் பாடத்தைத்தான் கற்கிறான். அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்குகிறான். நாம் அதைத் திறமை என்று மெச்சுகிறோம்.

ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வேலை பாதி நடந்திருக்கும்போதே கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிழையான வரியைத் தறியில் இருக்கும்போது பிரித்து நெய்யலாம். மடித்து விற்றபின் பேசிப் பயனில்லை. முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் ஒரு தாளில் எழுதட்டும்: மற்றொருவர் செய்தவற்றுள் எனக்கு உதவியது எது, நமக்குள் தடங்கிய இடம் எது, நான் அறிந்திருந்தும் சொல்லாமல் விட்டது எது. வாய்ப்பேச்சில் தொடங்கினால் பேச வல்லவளே பேசுவாள். தாள் கூச்சமுள்ளவளுக்கும் சமமான இடம் தருகிறது. மூன்றாவது வினா ஒன்றே நம் நெசவாளர் மகளின் வாயைத் திறந்திருக்கும். பிறகு படித்து, பேசி, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளப் போகும் ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்யட்டும். பத்துத் தீர்மானம் போடும் கூட்டங்களின் கதி நமக்குத் தெரியும்! அந்தக் கால்மணி நேரத்தில் சொல்லப்படும் எதற்கும் ஆசிரியர் மதிப்பெண் போடக்கூடாது. போட்டால் அவர் விரும்பும் விடையைப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அதில் அவர்கள் வல்லவர்கள்.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. நம் அரபிக் கல்லூரிகளில் உஸ்தாதிடம் கேட்ட பாடத்தை மாணவர் வட்டமாக அமர்ந்து தமக்குள் ஓதித் திருத்திக்கொள்ளும் ‘தக்ரார்’ வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது. அதற்கும் முற்பட்டது கூஃபா நகரில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சபை. பட்டும் கம்பளியும் கலந்த துணி விற்ற வணிகர் அவர். காஞ்சிக்கு அந்நியரல்லர் எனலாம். ஒரு சட்டப் பிரச்சினையை மாணவரோடு நெடுநேரம் விவாதிப்பார். ஆஃபியா பின் யஸீத் என்ற மாணவர் வராதிருந்தால், அவர் வரும்வரை அதை முடித்துப் பதிவு செய்ய வேண்டாம் என்பார். வணிகத்திலும் ஒரு செய்தி உண்டு. கூட்டாளியிடம் குறையுள்ள துணியைக் கொடுத்து, குறையைச் சொல்லி விற்குமாறு பணித்திருந்தார். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரையும் கண்டுபிடிக்க இயலவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைத் தொகை முழுவதையும் தருமம் செய்தார்கள். மறந்தவர் மற்றொருவர்தாம். ஆயினும் கடையும் துணியும் கூட்டாயிருந்தமையால் ஈட்டுத்தொகையையும் தம்முடையதாகவே கொண்டார்கள். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற வசனத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

மன்னிப்பும் பெருந்தன்மையும் பங்கை அளக்காமல் விடுவதாகாது. உஹதுக்கு ஈராண்டுக்குப் பின், ஹிஜ்ரி 5இல், பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது அண்ணலார் (ஸல்) மறுபடியும் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். அகழ் வெட்டுவதென முடிவாயிற்று. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என வேலை பங்கிடப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவரவர் பங்கு அவரவருக்குத் தெரிந்தது, பிறருக்கும் தெரிந்தது. ஒரு குழுவினர்க்கு உடைக்கவியலாத பாறை எதிர்ப்பட்டபோது அதை மறைக்கவில்லை, வளைத்துத் தோண்டவுமில்லை, வந்து சொன்னார்கள். அண்ணலாரே கடப்பாரையோடு இறங்கினார்கள்.

அகழ் வெட்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகரான ஸல்மான் (ரலி). அரபுநாட்டுப் போர்முறையில் அதற்கு முன் அப்படியொன்று இல்லை. பத்ரிலும் உஹதிலும் அவர் இல்லை. அப்போது அவர் ஒருவருக்கு அடிமையாக, பேரீச்சந் தோட்டத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். தோழர்கள் பொருள் திரட்டி அவரை விடுவித்தனர். அவர் கலந்துகொண்ட முதல் போர் அகழ்ப் போர்தான்.